அவள் மன்னிக்கவில்லை: பொழிச்சலூருக்கும் கீழ்க்கட்டளைக்கும் போய் வந்தது

வழக்கமாக இந்தப் பக்கத்தில் நான் சபைக் கூட்டங்களில் சாட்சி சொல்லப் போகும் ஊர்களைப் பற்றி எழுதுவேன். எந்த ரயில், எங்கே தங்கலாம், கூட்டம் எப்படி என்பதெல்லாம். இதுவும் அப்படி ஒரு பயணம்தான். ஆனால் படித்துவிட்டுக் கீழே 'ஆமென்' போடாதீர்கள்.

போன லெந்து தவக்காலத்தில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு மனந்திரும்புதல் கூட்டம். சனிக்கிழமை மாலை எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். என் சாட்சியைப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் நானும் என் மனைவி ரூபியும் பம்மலில் குடியிருந்தோம். எனக்கு வயரிங் வேலை. தினமும் குடி. ஒரு நாள் அவளுடைய வலது கையை முறுக்கி, முழங்கையில் உடைத்தேன். அவள் பொழிச்சலூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் விழுப்புரம் வந்து, ஒரு ஜெபக்கூட்டத்தில் அழுது, குடியை விட்டேன்.

இதுவரை உண்மை. கடைசியில் ஒரு வரி சேர்ப்பேன்: "என் மனைவியும் என்னை மன்னித்துவிட்டாள்." அது பொய். முதல்முறை சொன்னபோது கூட்டமே தேம்பியது. அதற்கப்புறம் அந்த வரி இல்லாமல் மேடையை விட்டு இறங்க என்னால் முடியவில்லை.

கூட்டத்துக்கு நான்கு நாள் முன்பு தாம்பரம் பாஸ்டர் போன் செய்தார். "பிரதர், சிஸ்டர் பக்கத்துல பொழிச்சலூர்தானே? கூட்டிட்டு வாங்க. அவங்க வாயால சொன்னா ஜனங்க இன்னும் உடைவாங்க."

"சரி பாஸ்டர்" என்றேன். சனிக்கிழமை காலையில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டால், சாயங்காலத்துக்குள் பொய் உண்மையாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நான் கிளம்பிய காரணம் இதுதான்.

விழுப்புரத்திலிருந்து தாம்பரம் சுமார் 130 கிலோமீட்டர். காலை ஆறு மணிக்கு ஏறி, எட்டே முக்காலுக்கு இறங்கினேன். அங்கிருந்து மின்சார ரயிலில் பல்லாவரம், ஐந்து ரூபாய். ஸ்டேஷனுக்கு மேற்குப் பக்கம் வந்தால் பம்மல் வழியாகப் போகும் ஷேர் ஆட்டோ கிடைக்கும், இருபது ரூபாய். தலைக்கு மேலே விமானம் ஒன்று மிகவும் தாழ்வாகப் போனது. நான் குனிந்துவிட்டேன். "இன்னா சார், ஊருக்குப் புதுசா?" என்று டிரைவர் சிரித்தார். நான்கு வருடம் இருந்த இடம்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.

ரூபி ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறாள் என்று தெரியும். முன்பு தாம்பரம் சானடோரியம் பக்கம் ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் டெய்லராக இருந்தவள். நான் கடை வாசலுக்குப் போனபோது, ஜெராக்ஸ் மிஷினின் மூடியை இடது கையால் தூக்கி, இடது கையால் தாளை வைத்தாள். வலது கை பாதி மடங்கியபடியே உடம்போடு ஒட்டியிருந்தது. பன்னிரண்டு வருடமாக மேடை மேடையாகச் சொன்ன கையை அன்றுதான் பார்த்தேன்.

அவள் திடுக்கிடவில்லை. "இன்னா வேணும்?" என்றாள்.

"மன்னிப்புக் கேட்க வந்தேன், ரூபி."

"இன்னிக்குத்தானா? நீ மைக்ல சொன்னதைப் பாத்தா நான் எப்பவோ மன்னிச்சுட்டேனாமே." முன்பெல்லாம் அவள் என்னை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவாள்.

ஆதார் காப்பி கேட்டு ஒரு அம்மா வந்தார். இரண்டு பக்கமும் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, ரூபி குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"நீ மேடையில சாட்சி சொன்ன வீடியோ எங்க சர்ச் குரூப்ல வந்துச்சு. நான் மன்னிக்கலன்னு பெரியவங்க கிட்டச் சொன்னேன். அவரே மேடையில சொல்றாரு, நீ ஏம்மா மனசைக் கல்லாக்கிக்கிறேன்னு என்னைத்தான் திட்டுனாங்க. அன்னியோட நான் சர்ச்சுக்குப் போறதை நிறுத்திட்டேன். அது கூடப் பரவால்ல. ஷீபான்னு ஒரு பொண்ணு. புருஷன் அடிக்கிறான்னு சர்ச்சுக்கு ஓடி வந்துச்சு. உன் வீடியோவைக் காட்டி, 'ரூபியே மன்னிச்சுட்டா, நீயும் பொறுத்துப் போ'ன்னு திருப்பி அனுப்புனாங்க. அடுத்த மாசம் அவளுக்கு ஒரு கண்ணு போயிடுச்சு."

கடை வாசலில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"இப்ப கீழ்க்கட்டளையில அம்மா வூட்ல இருக்கா. சர்ச்சுக்காரங்க புருஷனோட திரும்பச் சேத்து வெக்கறாங்களாம், வர்ற திங்கக்கிழமை. நான் சொன்னா, அக்காவுக்குக் கசப்புன்னு நினைக்கிறா. நீ போய்ச் சொல்லு. என்கிட்ட அழாத, எனக்கு வேலை கீது."

"இதை என் பக்கத்துல எழுதட்டுமா?" என்று கேட்டேன். "பேரை மாத்தி ஒரு தடவை எழுது. அதோட என்னைப் பத்திப் பேசறதை விட்டுடு" என்றாள். இதில் வரும் பெயர்கள் இரண்டும் மாற்றியவைதான்.

மாலை ஆறரைக்குக் கூட்டம். எனக்கு முன் பேசியவர் நன்றாகத்தான் பேசினார். கண்ணீர் வந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். நூறு பேருக்கு மேல் தூக்கினார்கள். நான் ஏறி, "என் மனைவி என்னை மன்னிக்கவில்லை. இத்தனை வருடம் நான் உங்களிடம் பொய் சொன்னேன்" என்றேன். ஷீபாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் பாஸ்டர் என் தோளில் கைபோட்டு மைக்கை வாங்கினார். "நம்ம சகோதரன் ரொம்ப உடைஞ்சுபோயிருக்காரு, அவருக்காக ஜெபிப்போம்." கீபோர்டு ஆரம்பித்தது. முன்வரிசையில் அழுதார்கள். என் பொய்க்கு எப்படி அழுவார்களோ அதே மாதிரி. இறங்கியதும் பாஸ்டர், "ஒரு வரிதானே பிரதர், அதால எத்தனை ஆத்துமா திரும்பியிருக்கும் பாருங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. நானும் என்னிடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை தாம்பரத்திலிருந்து பேருந்தில் மேடவாக்கம் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் கீழ்க்கட்டளை. காத்திருந்த நேரத்தோடு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ரூபி எழுதிக் கொடுத்த விலாசத்தில் கிரில் கேட் பூட்டியிருந்தது. ஷீபாவின் அம்மா உள்ளே நின்றபடியே, "நீங்கதான அந்த வீடியோல பேசுனவரு?" என்றார். ஆமாம் என்றேன். அவர் கேட்டைத் திறக்கவில்லை.

ஷீபா வந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. என்னைப் பார்க்க முகத்தை முழுவதுமாக ஒரு பக்கம் திருப்ப வேண்டியிருந்தது. உள்ளே கட்டிலில் ஒரு பை, பாதி அடுக்கியபடி.

"அந்த அக்கா மன்னிச்சதா நான் சொன்னது பொய்மா" என்றேன்.

"ஒரு தடவை கூட மன்னிக்கலையா?"

"இல்லம்மா. திரும்பியும் வரல."

"அப்ப கர்த்தர் அவங்க மேல கோவமா இருக்காரா, சார்?"

"அவங்க மேல இல்லம்மா. என் மேலதான் இருக்கணும்" என்றேன்.

அவள் கேட்டைப் பிடித்தபடி திரும்பிக் கட்டிலில் இருந்த பையைப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம், "நான் நாளைக்குப் போகலம்மா" என்றாள். அந்த அம்மா நின்ற இடத்திலேயே கீழே உட்கார்ந்துவிட்டார். என்னை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. நான் கிளம்பினேன்.

மனந்திரும்புதல் என்றால் ஆண்டவரிடம் திரும்புவது என்று அத்தனை மேடைகளிலும் பேசியிருக்கிறேன். எவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேனோ, அவள் பக்கம் திரும்ப எனக்குப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கிறது. அதுவும் கூட்டிக்கொண்டு போய் மேடையேற்றத்தான்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: முதலில் யாரிடமாவது சொல்லி அனுப்பி, வரலாமா என்று கேளுங்கள். நான் கேட்காமல் போனது தப்பு. வரவேண்டாம் என்றால் போகாதீர்கள். பழம், பைபிள் எதுவும் வாங்கிப்போகாதீர்கள். அழுகை வந்தால் பஸ் ஸ்டாண்டில் அழுதுவிட்டுப் போங்கள். மன்னிப்போடு திரும்பலாம் என்ற நினைப்பில் கிளம்பவே வேண்டாம்.

அந்த வீடியோவை நீக்கச் சொல்லி, அதைப் போட்டவர்களுக்கு மூன்று முறை எழுதிவிட்டேன். நிறையப் பேர் பார்க்கிறார்கள் என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் சபையில் யாராவது அதைக் காட்டி ஒரு பெண்ணைப் புருஷன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினால், அவள் போகும் முன் இதைப் படிக்கக் கொடுங்கள்.