நான் சொன்ன பிறகு திறவுங்கோ

எனக்குக் கை சும்மா இருக்காது. முன்பு வெற்றிலை போட்டேன். பல்லுக்குக் கூடாது என்று அதை விட்ட பிறகு போன் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

எங்கள் வாய்க்காலுக்கு நான் பிரதிநிதி. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எங்கள் பக்கம் என்றைக்கு வரும், எந்த வயலுக்கு எத்தனை மணிக்கு என்று இருபத்திரண்டு கமக்காரருக்கும் சொல்வது என் பொறுப்பு. முன்பு சைக்கிளில் வாய்க்கால் நீளத்துக்கும் போய்ச் சொல்வேன். முழங்கால் ஏலாமல் போன பிறகு வட்ஸ்அப்பில் ஒரு குரூப் தொடங்கினேன். கதிரையில் இருந்தபடி ஒரு குரல் பதிவு போட்டால் எல்லோருக்கும் போய்விடும். அப்பாடா என்று இருந்தது. ஆனால் தலையிடி போய்த் திருகுவலி வந்த கதைதான் நடந்தது.

விடிந்தால் பூப்படம். அதன் பின்னால் சாமிப்படம். யாருடையதோ பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள், அதற்கு இருபத்தொரு வாழ்த்து. ஒவ்வொன்றுக்கும் போன் கத்தும். தண்ணீர்ச் செய்தியாக்கும் என்று எடுப்பேன், எடுத்தால் வைக்கமாட்டேன். கிணற்றடியிலும் அதுதான், சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னாலும் அதுதான். கத்தாத நேரத்திலும் கத்தியது போல இருக்கும். சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பேன். என்னோடு கதைத்து எத்தனை நாள் என்று தெரியுமா என்று மனைவி ஒருநாள் கேட்டா. எனக்குக் கோபம்தான் வந்தது.

வவுனியாவில் படிப்பிக்கிற மகள் விடுமுறைக்கு வந்தபோது இதைக் கண்டாள். குரூப்பின் சத்தத்தை மட்டும் நிற்பாட்டச் சொன்னாள். காலை, மத்தியானம், பின்னேரம் என்று மூன்று தரம் பார்த்தால் போதும். அவசரமென்றால் ஆட்கள் கோல் எடுப்பார்கள் என்றாள். நல்ல யோசனை. ஆனால் நான் ஒரு காரியத்தை அரைகுறையாகச் செய்கிற ஆளில்லை. முழுப் போனையுமே சத்தமில்லாமல் ஆக்கி, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

முதல் இரண்டு நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இருந்தால் எழும்பச் சொல்லும், எழும்பினால் அலுமாரிப் பக்கம் கால் போகும். கை ஊறும். அதை மறக்க வேலி கட்டினேன், கொட்டில் கூட்டினேன், ஒரு காரணமும் இல்லாமல் மோட்டார் சைக்கிளைக் கழுவினேன். மூன்றாம் நாள்தான் கொஞ்சம் பெருமை வந்தது. ஊரில் என்னைப் போல ஒருவன் போனை அடக்கி வைத்திருக்கிறானா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

அது சிறுபோகம், மழையில்லாமல் குளத்தை நம்பிச் செய்கிற பயிர். பயிர் குடலை தள்ளுகிற பருவம். அப்போது தண்ணீர் தவறினால் கதிர் வரும், உள்ளே நெல் இராது. மறுநாள் எங்கள் முறை. அதற்கடுத்த முறைக்கு எட்டு நாள் காத்திருக்க வேண்டும்.

எங்கள் வாய்க்காலில் ஒரு சட்டம் இருந்தது. அதைப் போட்டவன் நான். முந்தின வருசம் முறை இல்லாத நாளில் யாரோ மடை திறந்து பெரிய சண்டையாகிவிட்டது. அன்றைக்கு ஆத்திரத்தில் குரூப்பில் குரல் பதிவு போட்டேன். நான் சொன்ன பிறகு திறவுங்கோ, நான் சொல்லாமல் ஆர் திறந்தாலும் அது களவுதான் என்று. பிறகு சண்டை வரவில்லை.

அந்த மூன்றாம் நாள் மத்தியானம், மறுநாள் முறையைச் சொல்லிப் பதிவு போடவென்று அலுமாரியைத் திறந்தேன். தவறிய கோல்கள் வரிசைக்குக் கிடந்தன. தண்ணீர் திறந்துவிடுகிறவர் இரண்டு தரம் எடுத்துப் பார்த்துவிட்டுச் செய்தி போட்டிருந்தார். வேறொரு வாய்க்காலின் கட்டு உடைந்துவிட்டதால் எங்கள் தண்ணீரை இன்றைக்கே விடுகிறார்களாம். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை. நான் மணியைப் பார்த்தேன். ஒன்றேகால்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். போகிற வழியெல்லாம் வயல்களில் தண்ணீர் மினுங்கியது. ஒருவரும் என் பதிவுக்குக் காத்திருக்கவில்லை. கண்டார்கள், திறந்தார்கள். வாய்க்காலின் கடைசிக்கு முதல் வயல் எங்களுடையது. அதுவும் நிறைந்து கிடந்தது. களை பிடுங்கப் போன மனைவி தண்ணீரைக் கண்டு எனக்கு நாலு தரம் கோல் எடுத்திருக்கிறா, பிறகு தானே மடையைத் திறந்துவிட்டா. சட்டம் போட்டவனின் வீட்டிலேயே வேலி பயிரை மேய்ந்திருந்தது.

கடைசி வயல்தான் காய்ந்து கிடந்தது. அது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்தினுடையது. கணவர் உழவு இயந்திரம் ஓட்ட வெளியூர் போய்விடுவார். கமத்தைப் பார்ப்பது மனைவிதான். பூட்டிய மடைக்குப் பக்கத்தில் போனைக் கையில் பிடித்தபடி அவர் நின்றார். திறக்கச் சொல்லித் தான் கூப்பிட்டதாகவும், அண்ணன் சொல்லட்டும் என்று இவர் நின்றுவிட்டதாகவும் என் மனைவி சொன்னா. வாய்க்காலில் சேறு மட்டும் மிச்சம் இருந்தது.

பிழை என்னுடையது. இருந்தும் பாய்ந்தது நான்தான்.

"கண்ணுக்கு முன்னால தண்ணி போகுது, ஏன் திறக்கேல்லை? எல்லாரும் திறந்தவைதானே?"

"அவங்க தொறந்தா தண்ணி பாய்ச்சினாங்கன்னு சொல்லுவீங்க அண்ணே. நான் தொறந்தா களவுன்னு சொல்லுவீங்க."

உங்களை நான் எப்போது அப்படிச் சொன்னேன் என்று கேட்டேன். அவர் போனில் ஒரு பதிவை அமத்தினார். என் குரல் வந்தது. போன வருசத்துப் பதிவு. இது எல்லோருக்கும் பொதுவாகப் போட்டது என்றேன்.

"குரூப்புல போட்டது எல்லாருக்குந்தான். பொறகு எனக்குத் தனியா ஒருக்கா அனுப்பினீங்க. வேற யாருக்காச்சும் அப்படி அனுப்பினீங்களா?"

அனுப்பவில்லை. இருபத்திரண்டு பேரில் அவர் ஒருவருக்குத்தான் அனுப்பினேன். கடைசி வயல், வந்து குடியேறிய ஆட்கள், அவர்கள்தான் திறந்திருப்பார்கள் என்று மேல்வயல்காரர் ஒருவர் சொன்னதை நானும் நம்பினேன். உண்மையில் திறந்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது. மனைவி என் முகத்தைப் பார்த்தா. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பிறகு மனைவியிடம் மண்வெட்டியை வாங்கி எங்கள் வயலுக்கும் அவருடைய வயலுக்கும் இடையிலிருந்த வரம்பை வெட்டினேன். தண்ணீர் மெல்லப் போய் அவருடைய வயலின் மேல்பாதியில் ஏறியது. எங்கள் வயலில் மட்டம் இறங்க இறங்க அதன் வேகமும் குறைந்தது.

சும்மா நிற்க முடியவில்லை. வரம்பில் அங்கும் இங்கும் நடந்தபடி குரூப்புக்குப் பதிவு போடத் தொடங்கினேன். மூன்று தரம் பேசி மூன்று தரமும் அழித்தேன். மற்றவர்களை ஏசுவதற்கு ஒருநாளும் எனக்கு இரண்டாம் தரம் தேவைப்பட்டதில்லை.

நாலாம் தரம் அழிக்கவில்லை. "கடைசி வயலுக்குத் தண்ணி தவறினது என்ர பிழை. போன வருசம் அவாவைச் சந்தேகப்பட்டு, அந்தப் பதிவை அவாவுக்கு மட்டும் தனிய அனுப்பினனான். அதுவும் என்ர பிழை."

அவருடைய போனில் அது போய் விழுந்தது. காதோடு வைத்து முடியும்வரை கேட்டார். பரவாயில்லை என்று சொல்வார் என்று நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கீழப் பக்கம் இன்னும் தண்ணி ஏறல அண்ணே" என்றார்.