நாத்தனார் வீசிய கடைசி ஓவர்

சரியாகப் பந்து வீச வராதவரிடம் எந்த ஓவரைக் கொடுப்பது? பல்கலைக்கழகப் பெண்கள் கிரிக்கெட் அணிக்குத் தலைவியாக இருந்த காலத்திலேயே எனக்கு இதற்குப் பதில் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சுத்தமாகத் தெரியவில்லை.

குழந்தை பிறந்தபின் நான் பந்தைத் தொட்டதே இல்லை. பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் குடியிருப்புப் பெண்கள் ஆறு பேர் ஆடும் போட்டிக்குப் பெயர் கொடுத்து, "நீதான் கேப்டன்" என்றதும் சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அணியில் என் கணவரின் அக்காவும் இருந்தார். பயிற்சியில் அவர் வீசிய பந்துகளில் பாதி, நிறுத்தியிருந்த கார்களுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன.

அந்த ஆட்டத்தில் விக்கெட் கீப்பரைத் தவிர ஒவ்வொருவரும் ஒரு ஓவர் வீசியே ஆகவேண்டும். பலவீனமானவரை எதிரணியிடமிருந்து காப்பாற்றுவதுதான் தலைமை என்று நம்பியவள் நான். அரையிறுதியில் நாத்தனாரைத் தள்ளிக்கொண்டே போனேன். அவர் முறை வருவதற்குள் எதிரணியை அவுட்டாக்கிவிடலாம் என்பது என் கணக்கு. நடக்கவில்லை. கடைசி ஓவர், அவர் மட்டும் பாக்கி, எதிரணிக்கு ஒன்பது ஓட்டம் தேவை!

முதல் பந்தே வைட். நான் அவரிடம் ஓடினேன்.

"அண்ணி, மெதுவா போடுங்க. நேரா. கைய நல்லா தூக்குங்க. கோட்டைத் தாண்டாம, அப்புறம்..."

"அலமாக்! எத்தனை சொல்லுவ? ஒண்ணே ஒண்ணு சொல்லு லா" என்று மலாய் கலந்து சலித்துக்கொண்டார்.

எதைச் சொல்வது? எல்லாமே முக்கியமாகத்தான் தோன்றின.

"சரி, நீ தூரமா போய் நில்லு. உன் மூஞ்சப் பார்த்தாதான் எனக்குப் பந்து கோணலாப் போகுது."

கேப்டனை எல்லைக்கோட்டுக்கு விரட்டிய பந்துவீச்சாளரை அன்றுதான் பார்த்தேன். போனேன். அடுத்த பந்து நேராக விழுந்தது! அதற்கடுத்ததும்! ஒவ்வொரு ஓட்டமாகத்தான் அவர்களால் எடுக்க முடிந்தது. கடைசிப் பந்துக்கு மூன்று ஓட்டம் வேண்டும்.

அந்தப் பெண் ஓங்கி அடித்தாள். பந்து உயர்ந்து நேராக என்னை நோக்கி வந்தது. எனக்குப் பின்னால் கணவர் கையில் குழந்தை வீறிட்டு அழுதது. நான் திரும்பவில்லை. பந்து கையில் விழுந்து, துள்ளி, மறுபடி கையில் விழுந்தது. பிடித்துவிட்டேன்!

நாத்தனார் ஓடிவந்து என் முதுகில் அறைந்தார். "ஏன்டி என்னை ஒளிச்சு ஒளிச்சு வச்ச? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"இல்ல அண்ணி, உங்களுக்குப் பதட்டமா இருக்குமேன்னு..."

"பதட்டம் யாருக்கு?" என்று அவர் சிரித்த சிரிப்பில் எதிரணிப் பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். என்னாலும் அடக்க முடியவில்லை.

இந்த ஞாயிறு இறுதி ஆட்டம். "கடைசி ஓவர் எனக்குத்தான்" என்று அவர் இப்போதே சொல்லிவிட்டார். கொடுத்துத் தோற்றால், அவர் மனம் உடைந்துபோகுமோ? கொடுக்காவிட்டால், மறுபடி ஒளித்துவைத்ததாக நினைப்பாரே? போன வாரம் அவர் நன்றாக வீசினாரா, எங்களுக்கு அதிர்ஷ்டமா என்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அணியையோ குடும்பத்தையோ நடத்திப் பார்த்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்: நான் யாரிடம் பந்தைக் கொடுக்கட்டும்? முடிந்தால், ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்கள்.