பதினாறு வருஷத் தேமல்

வண்ணமீன் கடையில் வேலை பார்த்த அவனை எல்லோரும் மீன்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். பையைத் தூக்கிக்கொண்டு வந்து "கிலோ என்ன விலை?" என்று கேட்பவர்களும் உண்டு. "இது பார்க்குற மீனுங்க, சாப்பிடுற மீன் அடுத்த தெருவுல" என்று சிரிக்காமல் பதில் சொல்வான்.

கடை ஜன்னல் இல்லாத ஒரு நீள அறை. இரண்டு பக்கமும் கண்ணாடித் தொட்டிகள் அடுக்கியிருக்கும். காலையில் அவன் விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவான். வெளிச்சம் விழுந்த தொட்டியில் மீன்கள் மெல்ல அசையும், அடுத்த தொட்டி இன்னும் இருட்டில் தூங்கும். கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டுப் பாசி தேய்க்க ஆரம்பித்தால், நேரம் போவதே தெரியாது. முதலாளி கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் காதில் விழும்.

சட்டைக்குள்ளே அவனுக்கு வேறு ஒரு விஷயம் இருந்தது. இடுப்பில், முதுகில், தொடையில் வெளிறிய திட்டுகள். பதினொரு வயதில் முதல் திட்டைப் பார்த்தது அவனுடைய அக்கா. பள்ளிக்கூடத்துக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தவனைப் பிடித்து நிறுத்தி, "இது என்னடா, பொட்டு வச்ச மாதிரி?" என்றாள். தேமல் என்று சொல்லி ஒரு பூஞ்சைக் களிம்பு கொடுத்தார்கள். அது போகவில்லை. சத்துக் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். திட்டுகள் இரண்டு ஐந்தாகி, ஐந்து பத்தானது. வலி இல்லை, எரிச்சல் இல்லை, அதனால் அவசரமும் இல்லை. மீன் கடையில் சேர்ந்த பிறகு எல்லோருக்கும் காரணம் கையில் கிடைத்துவிட்டது. "எந்நேரமும் தண்ணியிலேயே கிடந்தா படை வராம என்ன பண்ணும்?" அவனும் அதையே சொல்லிப் பழகிவிட்டான்.

இருபத்தேழாவது வயதில் இடுப்புத் திட்டு ஒன்று சிவந்து, தோல் வெங்காயச் சருகு போலச் சுருங்கி, அரிக்க ஆரம்பித்தது. ஏழு மாதமாகியும் அடங்கவில்லை. தையல் கடை வைத்திருந்த அக்கா ஒருநாள் கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "கிளம்பு. நீயா போவேன்னு பார்த்தா என் தலை நரைச்சிடும்" என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

தோல் டாக்டர் நடுத்தர வயதுப் பெண். அவன் வழக்கம்போல, "தண்ணியில வேலைங்க, அதான்" என்றான்.

"கடையில சேர்ந்து எத்தனை வருஷம் ஆச்சு?"

"ஆறு."

"இது வந்து?"

அவன் யோசிப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "பதினாறு வருஷம் டாக்டர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நடுவுல எப்பவாவது தானா குறைஞ்சிருக்கா?"

குறைந்திருந்தது. இரண்டு கோடையில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போனான். வெயிலில் சட்டை இல்லாமல் நின்றபோது முதுகில் இருந்தவை மங்கிப்போயின. துணிக்குள்ளே மறைந்திருந்தவை அப்படியே இருந்தன. இதை இதுவரை யாரும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. டாக்டர் கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். பிறகு மரத்துப்போக ஊசி போட்டு, மிளகளவு தோலை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

முடிவு தெளிவாக வரவில்லை. பூசிய களிம்புகள் நோயை மறைத்திருக்கலாம், ஒரு மாதம் எதையும் பூசாமல் வாருங்கள், மறுபடி மூன்று இடத்தில் எடுப்போம் என்றார் டாக்டர்.

அந்த மாதம் முழுக்க அவன் பாதித் தூக்கத்தில் நடப்பவன் போலவே இருந்தான். தொட்டி முன்னால் நின்றால் தான் கண்ணாடிக்கு எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். தன் தோலுக்கடியில் குட்டி மீன்கள் கூட்டமாக நீந்துவதுபோலவும், அவை ஒதுங்கி நிற்கும் இடமெல்லாம் வெளுத்துப்போவதுபோலவும் கனவு வந்தது. பயமாக இல்லை என்பதுதான் அவனுக்கு ஆச்சரியம். ஒரே தொட்டிக்கு இரண்டு தடவை தீனி போட்டதைப் பார்த்த முதலாளி, "யார் மேலயாவது ஆசையா?" என்று கேட்டார்.

இரண்டாவது முடிவு வந்த நாளில் டாக்டர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"இது தேமல் இல்ல, படையும் இல்ல. ரத்தத்துல ஒரு வகை வெள்ளை அணு இருக்கு, அது தோல்ல தங்கிப் பெருகுது. லிம்போமான்னு சொல்லுவோம். ஒரு வகைப் புற்றுநோய்தான். ஆனா ரொம்ப மெதுவா போறது. உங்களுக்கு ஆரம்பக் கட்டத்துலயே நிக்குது, தோலைத் தாண்டல."

அக்கா பேயறைந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவன் நோயின் முழுப் பெயரைக் கேட்டான். டாக்டர் சொன்ன நீளமான பெயருக்குக் காளான், பூஞ்சை என்கிற மாதிரி அர்த்தம் வருமாம்.

"அப்ப பூஞ்சைதானா?"

"இல்ல. அந்தக் காலத்துல முத்தின கட்டிகளைப் பார்த்துக் காளான் மாதிரி இருக்குன்னு பேர் வச்சுட்டாங்க. பேர் மட்டும் நின்னுபோச்சு."

"பதினாறு வருஷம் பூஞ்சை மருந்து பூசினது பேருக்காவது பொருத்தமா இருந்துச்சே" என்றான். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு அழுகை வந்தது. "சின்னவனே, நான்தானேடா தினமும் தடவிவிட்டேன்... அப்பவே வேற எங்கயாவது காட்டியிருந்தா..."

"பதினொரு வயசுலயே இது இருந்திருக்கும்" என்றார் டாக்டர். "ஆனா அந்த வயசுல இப்படி வந்தா தேமல்னுதான் தோணும். எனக்கும் தோணியிருக்கும். உங்களால வந்ததில்ல இது. எப்ப ஆரம்பிச்சதுன்னு நீங்க சரியா சொன்னதாலதான் நான் சந்தேகப்பட்டேன்."

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வாரம் மூன்று நாள் ஒளிச் சிகிச்சை. நின்ற வாக்கில் ஆள் நுழையும் பெட்டி, சுற்றிலும் குழல் விளக்குகள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அவன் கையைத் தூக்கி நிற்பான். முதல் நாள் சில விநாடிகள்தான், பிறகு நிமிஷக் கணக்கு. கதகதப்பாக இருக்கும். மூடிய இமைக்கு உள்ளேயும் ஒரு ஊதா நிறம் மிதந்துகொண்டிருக்கும். வெளியே வந்து சட்டையைப் போடும்போது, வேறு எங்கோ போய்த் திரும்பியதுபோல இருக்கும் அவனுக்கு.

மூன்றாம் மாதம் அரிப்பு நின்றது. ஐந்தாம் மாதம் வெளிறிய திட்டுகளுக்கு நடுவே மிளகு தூவியதுபோல நிறம் திரும்ப ஆரம்பித்தது. எட்டாம் மாதம் தொடையில் ஒன்று தவிர மற்றவை கண்ணுக்குத் தெரியவில்லை. அன்று டாக்டர் உடம்பு முழுக்கப் பார்த்துவிட்டு, இனி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றார்.

"முழுசா போயிடுச்சா டாக்டர்?" என்று அக்கா கேட்டாள்.

"போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். அடங்கியிருக்கு. திரும்ப வந்தா திரும்பப் பார்ப்போம். வராமலும் இருக்கலாம். ஆனா செக்கப்பை மட்டும் விட்டுடாதீங்க."

அது போதும் என்று அவனுக்குத் தோன்றியது. அக்காவுக்குப் போதவில்லை. படி இறங்கும் வரை, "ஒரு வார்த்தை போயிடுச்சுன்னு சொன்னா என்னவாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் அக்கா அவன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் இப்படி அசந்து தூங்கி அவன் பார்த்ததே இல்லை. இறங்கவேண்டிய இடம் வந்தது. எழுப்பக் கையைத் தூக்கியவன், அப்படியே மடியில் வைத்துக்கொண்டான். பஸ் அவனுக்குத் தெரியாத தெருக்களுக்குள் திரும்பியது. கண்டக்டர் வந்து, "உங்க ஸ்டாப் தாண்டிடுச்சே, எங்க இறங்கணும்?" என்று கேட்டார்.

"மெதுவா பேசுங்க" என்றான் அவன். "கடைசி ஸ்டாப்புக்கு ரெண்டு கொடுங்க."