சைக்கிள் சுந்தரமும் ஒரு வாளித் தண்ணீரும்

என் ஐந்து வயது மகள் பவளத்துக்கு ஒரு வாய் சோறு உள்ளே போக வேண்டுமானால், என் வாயிலிருந்து ஒரு பொய் வெளியே வந்தாக வேண்டும்.

போன மாதம் நான் அவிழ்த்துவிட்ட பொய்யின் பெயர் சைக்கிள் சுந்தரம்.

சுந்தரம் பெடலை முன்னால் மிதித்தால் நாளைக்குப் போவார். பின்னால் மிதித்தால் நேற்றுக்குப் போவார். இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதித்தால் போன தீபாவளிக்கே போய், டின்னில் மிச்சமிருந்த அதிரசத்தைத் தின்றுவிட்டு வருவார். பெடலைப் பின்னால் மிதித்தால் கரகரவென்று சத்தம்தான் வரும், வண்டி நகராது என்று என் கணவர் திருத்தினார். அவர் குளுவாங் ஸ்டேஷனில் கூட்ஸ் கிராணி, சரக்குக் கணக்கு எழுதுகிறவர். எதையும் சரிபார்த்தே பழகியவர்.

வாராவாரம் இந்தப் பத்திரிகையில் என் கவலைகளைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும், கவலைப்பட எனக்கு இது போதும் என்று. குழந்தைக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுக்கிறேனோ? நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் இவளைப் பார்த்துச் சிரிப்பார்களோ? கான்வென்ட்டில் ஏழாவது வரை படித்தவள் செய்கிற காரியமா இது?

ஆனாலும் சோறு இறங்கியது. அதனால் சுந்தரமும் ஓடினார்.

ஒரு நாள் பவளம் கேட்டாள், சுந்தரம் ஏன் சிரிக்கவே மாட்டேன்கிறார் என்று. நான் அப்படிச் சொன்னதேயில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால்... ஆமாம், எந்தக் கதையிலும் அவர் சிரித்ததில்லைதான். என் கையில் சோற்று உருண்டை. "அவர் முன்னே சண்டைக்குப் போனவரு. அங்க ஒரு தப்பு செஞ்சிட்டாரு" என்று வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"என்ன தப்பு?"

"நாளைக்குச் சொல்றேன். வாயைத் தொற."

மறுநாள் காலை பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு சவரிமுத்து அண்ணன் வேலியோரம் வந்து நின்றார். ரயில்வே குவார்ட்டர்ஸில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகைச் சுவர். நான் குழந்தைக்குச் சொல்கிற கதை அவருக்கும் சேர்த்துத்தான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"அம்மா, அந்த சுந்தரம் என்ன தப்பு செஞ்சாரு?"

இன்னும் யோசிக்கவில்லை அண்ணே என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நாலு அடி போய்த் திரும்பினார்.

"துப்பாக்கி எல்லாம் வேணாம்மா. சின்னத் தப்பா இருந்தாலே போதும்."

அந்த வார்த்தை என்னை விடவில்லை.

சவரிமுத்து அண்ணன் யார் என்று சொல்லிவிடுகிறேன். நாற்பதைத் தாண்டியவர். தனி ஆள். ஸ்டேஷன் பம்ப் ஹவுஸில் வேலை. வண்டி நிற்கிற நேரத்தில் வாளியும் குவளையுமாக மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குத் தண்ணீர் கொடுப்பதும் அவர்தான். மலாய்க்காரர்கள் "ஆயர், ஆயர்" என்று தண்ணீர் கேட்டு ஜன்னலில் கை நீட்டுவார்கள். நம்மவர்கள் சொம்பை நீட்டுவார்கள். எல்லோருக்கும் ஊற்றுவார். ஊற்றிவிட்டுப் போதுமா என்று கேட்பார். போதும் என்று சொன்ன பிறகும், நெசமாவே போதுமா என்று இன்னொரு தடவை கேட்பார்.

வம்பே அந்த இரண்டாவது தடவையில்தான். கடைசிப் பெட்டி பாக்கி இருக்கும்போதே விசில் ஊதிவிடும். வண்டி நகரும். இவர் வாளியோடு கூடவே ஓடுவார்.

போன மாதம் அப்படி ஓடியதில் பிளாட்பாரத்தின் கோடியில் சறுக்கி விழுந்தார். வாளி சக்கரத்துக்கு அடியில் போய்த் தகடாக வெளியே வந்தது. அவருக்கு முழங்காலில் தோல் போனதோடு சரி. இன்னொரு தடவை ஓடினால் வேலை இல்லை என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லிவிட்டார். வேலை போகிறதுக்கு முன்னால் கால் போய்விடும் என்றார் என் கணவர். அதற்குப் பிறகும் அண்ணன் இரண்டு தடவை ஓடினார். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

அவர் சண்டைக்குப் போனவர் என்பது குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் தெரியும். பெரிய யுத்தத்தில் அரபு தேசத்துப் பஸ்ராவுக்குப் பட்டாளத்து மூட்டை தூக்கப் போன கூட்டத்தில் ஒருவர். அங்கே மேஸ்திரி ஒரு ஹவில்தார். இந்துஸ்தானி மட்டும்தான் பேசுவாராம். போய் இறங்கிய அன்று, இவர்கள் நாற்பது பேரையும் நிற்க வைத்துக் கையை ஆட்டி ஆட்டி "கல்... கல்..." என்றாராம். வேலை நாளைக்கு, இன்றைக்குப் போய்ப் படுங்கள் என்று அர்த்தம். நம் ஆட்களுக்கு அது எங்கே தெரியும்? ஆளுக்கு ஒரு கல்லைத் தேடித் தூக்கிக்கொண்டு வந்து வரிசையாக நின்றார்களாம். அண்ணன் இந்தக் கதையைக் கல்யாண வீட்டிலும் சொல்வார், காது குத்திலும் சொல்வார். கேட்ட ஆளே திரும்பவும் கேட்டுச் சிரிப்பார்.

கதைக்கு ஒரு இரண்டாம் பாதி உண்டு. அதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. மூன்று நாள் கழித்து ஒரு மத்தியானம், எங்கள் வீட்டுப் பின்படியில் உட்கார்ந்து கோப்பி குடிக்கும்போது எனக்குச் சொன்னார். நான் கேட்கவில்லை. சுந்தரத்துக்காகத்தான் சொல்கிறேன் என்றார்.

சில மாதம் கழித்து அவரை மூட்டை தூக்கும் வேலையிலிருந்து எடுத்து, காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற வேலையில் போட்டார்களாம். ஒரு நீளக் கூடாரம். தோளில் தோல்பை. ஆளுக்கு ஒரு குவளை. வரிசை நடுவில் ஒரு பஞ்சாபிக்காரர். கண்ணைத் திறக்காமலே "பானி... கல்..." என்று முனகினார். பானி என்றால் தண்ணீர். கல் என்றால் நாளை. அதற்குள் அண்ணன் அதெல்லாம் கற்றுக்கொண்டிருந்தார். சரி, நாளைக்குக் குடிக்கிறேன் என்கிறான், இன்றைக்குத் தாகம் இல்லை போலிருக்கிறது என்று அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

மறுநாள் அந்தக் கட்டிலில் வேறு ஆள்.

"ரொம்ப நாள் கழிச்சு ஹவில்தார்தான் சொன்னாரு. கல்லுன்னா நாளைக்கு மட்டும் இல்லடா, நேத்துக்கும் அதே பேச்சுதான்னு. நேத்துலேருந்து தண்ணி இல்லன்னு கேட்டிருக்கான்மா அவன்."

நான் கோப்பிக் குவளையை வாங்கிக் கழுவினேன். கழுவியதையே இன்னொரு தடவை கழுவினேன். வேறு என்ன செய்யத் தோன்றும்?

அன்று முழுக்க எனக்கு அதே நினைப்பு. நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல் வைத்துக்கொண்டு ஒரு ஜனம் எப்படித்தான் காலம் தள்ளுகிறது? கடன் கேட்கிறவனுக்கு என்ன பதில் சொல்வார்கள்? சுந்தரத்துக்கு அந்த ஊரில் சைக்கிளே வேண்டாமே... என் கணவருக்குக் கொஞ்சம் இந்துஸ்தானி தெரியும். அதில் குழப்பமே கிடையாது, பின்னால் வருகிற வினைச்சொல்லைப் பார்த்தால் நேற்றா நாளையா என்று தெரிந்துவிடும் என்றார். சரிதான். ஆனால் தாகத்தில் கிடக்கிறவன் வினைச்சொல் வரைக்கும் பேசுவானா?

அண்ணன் ஏன் இரண்டு தடவை கேட்கிறார் என்று இப்போது புரிந்தது. ஏன் ஓடுகிறார் என்றும் புரிந்தது. புரிந்து என்ன? இன்னொரு தடவை ஓடினால் வேலை போகும். இல்லாவிட்டால் கால் போகும்.

என்னிடம் இருந்தது ஒரு சைக்கிள்தான். சுந்தரத்தைப் பின்னால் மிதிக்கவைத்து அந்தக் கூடாரத்துக்கு அனுப்பினால் என்ன? நீங்களாக இருந்தால் அனுப்புவீர்களா? அனுப்பினால் அது ஆறுதலா, ஏமாற்றா? இரண்டு நாள் இதையே உருட்டினேன். அவர் மனசு ஒரு குவளை அளவாவது நிறையட்டும், ஓடுவதை நிறுத்தட்டும் என்றுதான் கடைசியில் துணிந்தேன்.

சனிக்கிழமை மூன்று மணி. பவளத்துக்குக் கஞ்சி. அண்ணன் படியில் உட்கார்ந்திருந்தார். நாலு மணிக்குத் தெற்கே போகிற வண்டிக்கு அவர் போக வேண்டும். வாளி பக்கத்திலேயே இருந்தது.

சுந்தரம் பின்னால் மிதித்தார். மழைக்காலம் ஒன்று போனது, இன்னொன்று போனது. கூடாரம் வந்தது. வரிசை நடுவில் அந்த ஆள் "கல்" என்றார். சுந்தரத்துக்கு இந்தத் தடவை புரிந்தது. குவளை நிறைய ஊற்றினார்.

"குடிச்சானா?" என்றார் அண்ணன். கேட்டது பவளம் இல்லை.

"குடிச்சாரு அண்ணே."

"முழுசா?"

"முழுசா."

அவர் முகம் இளகியது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்புறம் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, விரலை மடக்கி மடக்கி ஏதோ எண்ண ஆரம்பித்தார்.

"அப்ப கூர்க்காவுக்கு?"

எனக்குப் புரியவில்லை. எந்தக் கூர்க்கா?

வரிசையில் கடைசி ஆளாம். தோல்பைத் தண்ணீர் ஒரு நாளும் கடைசி ஆள் வரைக்கும் எட்டாதாம். அன்றைக்கு ஒரு குவளை மிச்சமிருந்ததால் எட்டியதாம்.

"அவன் மொகம் இப்பத்தான்மா ஞாபகத்துக்கு வருது. குடிச்சிட்டு என் கையைப் புடிச்சிக்கிட்டான், விடவே இல்ல. இத்தன வருசமா இவன ஒரு நாள்கூட நான் நெனைக்கல."

நான் பதறிவிட்டேன். ஒரு பிழையைத் திருத்தப் போய் இன்னொருவன் வாய்க்குத் தண்ணீர் இல்லாமல் செய்துவிட்டேனே. சுந்தரம் சைக்கிளில் இன்னொரு தோல்பையும் கட்டிக்கொண்டு போகட்டும் அண்ணே, இரண்டு பேருக்கும் ஆகும் என்று அவசரமாகச் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். கிண்டலா, இரக்கமா... சொல்லத் தெரியவில்லை.

"பக்கத்துல இன்னொரு கூடாரம் இருந்துச்சும்மா."

அவர் எழுந்து வாளியை எடுத்துக்கொண்டார். "அவரு போக வேணாம், விட்டுடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். சுந்தரம் போனாரா இல்லையா என்று பவளம் சிணுங்கினாள். சைக்கிள் பஞ்சர் என்றேன்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆறிய காயத்தைக் கிளறிவிட்டோமே, இந்த மனநிலையில் அவர் இன்று ஓடினால்? கணவருக்குப் பலகாரம் கொடுக்கிற சாக்கில் பவளத்தை இழுத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போனேன்.

வண்டி வந்து நின்றது. அண்ணன் முதல் பெட்டியிலிருந்து ஊற்றிக்கொண்டே வந்தார். போதுமா, நெசமாவே போதுமா... அது மாறவில்லை. கடைசிப் பெட்டிக்கு அரைப் பெட்டி தூரம் இருக்கும்போது விசில் ஊதியது. கடைசி ஜன்னலில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை, கையை நீட்டி ஒரு தகரக் குவளையைப் பிடித்திருந்தாள்.

அண்ணன் இரண்டு எட்டு வேகமாக வைத்தார். நான் பவளத்தின் கையை அவள் கத்துகிற அளவுக்கு இறுக்கினேன்.

அவர் நின்றார். வாளியைக் கீழே வைத்தார். வண்டி அவரைத் தாண்டியது. கையை வாயருகே குவித்துக்கொண்டு, "அடுத்தாப்ல ரெங்கம் ஸ்டேஷன்ல கொழா இருக்கு தாயி... எடது கைப் பக்கம்" என்று கத்தினார். அந்தப் பெண் தலையாட்டிக் குவளையை உள்ளே எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. வளைவு திரும்பி வண்டி மறையும் வரைக்கும் அவர் அங்கேயே நின்றார். பிறகு வாளியில் மிச்சமிருந்ததில் ஒரு குவளை மொண்டு, தானே குடித்தார்.

அவர் நிம்மதியாகத்தான் வீட்டுக்குப் போனார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. கடைசிப் பெட்டியில் இருந்த அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் கிடைத்ததா என்று ரெங்கத்துக்கு ஒரு தந்தி அடித்துக் கேட்க முடியுமா என்று கணவரிடம் கேட்டேன்... அவர் பலகாரத்தைத் தின்றுகொண்டே, எழுதிக் கொடு என்றார்.