பெண் வீட்டுக்குப் போகும் ஆற்றோரச் சாலை

வண்டியில் நானும் அண்ணனும் மட்டும்தான். அம்மா வரவில்லை, அப்பா போன பிறகு நல்ல காரியத்துக்கு முன்னால் நிற்க அவர் சம்மதிப்பதில்லை. தாய்மாமன் வந்திருக்க வேண்டும். "இது எத்தனையாவது ஊடு மாப்ள?" என்று அண்ணனிடம் போனில் கேட்டுச் சிரித்துவிட்டு, அவரும் வரவில்லை.

அண்ணனுக்கு முப்பத்தெட்டு வயது. மஞ்சளும் வாழையும் வைத்துப் பண்ணையம் பார்க்கிறார். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். பெருந்துறையில் ஒரு கம்பெனியில் வேலை. அண்ணனுக்கு முடியாமல் எனக்குப் பெண் பார்ப்பதில்லை என்று அம்மா உறுதியாக இருந்தார்.

பெண் வீடு பவானிசாகருக்குப் பக்கம். சத்தியமங்கலம் தாண்டியபோது நல்ல நேரத்துக்கு இன்னும் நிறைய இருந்தது.

"மெதுவாவே போடா, ஆத்தப் பாத்துட்டே போலாம்" என்றார் அண்ணன்.

பவானி நிறைந்து போய்க்கொண்டிருந்தது. தென்னை நிழல் ரோட்டில் விழுந்து விழுந்து விலகியது. அண்ணன் பின்னால் உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார்.

"மாட்டுக் கொட்டாயத் தள்ளிப் போட்டுட்டு ஒரு ரூம்பு எடுத்தரலாம். படிச்ச புள்ள, பாத்ரூம் உள்ளயே வேணும்னு கேக்கும்."

"டைல்ஸ் என்ன கலருங்ணா?"

"அது வந்து சொல்லட்டும்."

அப்போது தரகர் கூப்பிட்டார். நான் ஓட்டியதால் என் போன் அண்ணனிடம் இருந்தது. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டு என் பக்கம் நீட்டினார்.

"ஏனுங்க தம்பி, வர வேண்டாமுங்க. தோட்டத்துல இருக்கற மாப்பிள்ளை வேண்டாம்னு புள்ள சொல்லிப்போடுச்சாமாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்குன்னா அவங்களுக்குச் சம்மதமாமுங்க. அண்ணன் பக்கத்துல இல்லீங்களே?"

"இருக்கறனுங்க" என்றார் அண்ணன்.

தரகர் போனை வைத்துவிட்டார்.

"திரும்பிக்கலாங்களாண்ணா?"

"உன்னயத்தான கேக்கறாங்க. நீ போய்ப் பாரேன்."

"விளையாடாதீங்க."

"விளையாடுலடா. எனக்காவ நீயும் நரைக்கோணுமா?"

அவர் மறுபடி ஏறி உட்கார்ந்து, "அணைக்கு உடு, மீன் திங்கலாம்" என்றார். பெண் பார்க்கப் போகிற நாளில் கவிச்சி தொடக்கூடாது. தெரிந்துதான் சொன்னார்.

அணையில் மீன் வறுத்துக்கொண்டிருந்த கடைக்காரம்மா, அவருடைய புது வேட்டி சட்டையைப் பார்த்து, "என்னுங்க, மாப்பிள்ளையாட்டம் வந்திருக்கறீங்க?" என்றார்.

"ஒரு கல்யாணமுங்கக்கா. முடிஞ்சு போச்சுங்க."

இரண்டு தட்டு தின்றார். திரும்பி வரும்போதும் மெதுவாகத்தான் ஓட்டினேன். அவர் ஆற்றுப் பக்கம் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்கும் அவர் வரவில்லை. எனக்கும் இன்னும் பெண் பார்க்கவில்லை. ஜாதகக் கட்டை அம்மா கையில் எடுத்தாலே, வாழைக்குத் தண்ணி கட்டப் போகிறேன் என்று அண்ணன் எழுந்து போய்விடுகிறார். தரகர் எங்களிடம் வாங்கியிருந்த முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. அதோடு பெட்ரோல், மீன் எல்லாம் சேர்த்து அன்றைக்கு எங்களுக்கு ஆனது ஐயாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.