வாளிக்கு இரண்டு கிலோ

வேலைக்காலம் முழுவதும் தேர்வுக் கேள்வித்தாள்களைக் காவல் காத்தவள் நான். இரும்பு அலமாரி, இரண்டு சாவி, அரக்கு முத்திரை, சாட்சிக் கையெழுத்து. ஒன்றுகூடக் கசிந்ததில்லை. கசியவிட ஓய்வு பெறும்வரை காத்திருந்தேன் போலும்.

மகளுக்கு ஈப்போவில் சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரல் எழுதும் ஏஐ ஒன்றைச் சோதித்து, நம்பலாம் என்று அவள் கையெழுத்திட்டால், மருந்துக்கடைகளுக்கான நிரல்களை இனி அது எழுதும். பிழை வந்தால் முதலில் தேடப்படுவது அந்தக் கையெழுத்துதான்.

“மா, நெட்டுல எங்கயுமே இல்லாத கேள்வியா வேணும். அது எல்லாத்தையும் படிச்சு வச்சிருக்கு. பாத்த கேள்வின்னா அப்படியே ஒப்பிச்சிரும்.”

“கேள்வி தயாரிக்க எனக்கே பாடமா?” என்றேன்.

பத்துக் கேள்விகள் கொடுத்தேன். ஓய்வுக்குப் பின் சுங்கை சிப்புட்டில் பிள்ளைகளுக்கு நிரலாக்க வகுப்பு எடுத்தபோது எழுதியவை. பெயர்களை மாற்றினால் பழைய கேள்வி புதிதாகிவிடும் என்பது தேர்வுத் துறையில் நாங்கள் மனசாட்சி உறுத்தாமல் கடைப்பிடித்த நடைமுறை. ரப்பர்ப் பால் டுரியான் பழம் ஆயிற்று, வாளி கூடையாயிற்று. சரியான விடைகளுக்கு என் பழைய நிரலையே ஓட்டினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் மகளிடமிருந்து செய்தி வந்தது. “பத்துக்குப் பத்து! நாலு மணிக்கு பாஸ்கிட்ட ரிப்போர்ட்.” கூடவே ஏஐ எழுதிய நிரல்கள்.

பெருமையாகப் படித்தேன். நான்காவதில் நின்றுவிட்டேன். ஒவ்வொரு டுரியான் கூடையிலும் அது இரண்டு கிலோ கழித்திருந்தது.

நான் பிறந்த ரப்பர்த் தோட்டத்தில் பால் நிறுக்கும்போது, வாளியின் எடைக்கென்று இரண்டு கிலோவைக் கணக்கெழுதும் கிராணி கழித்துவிடுவார். பழைய கேள்வியில் அதை எழுதியிருந்தேன். புதியதில் விட்டுப்போயிற்று, தோட்டத்தில் வளர்ந்தவளுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. என் பழைய நிரல் மட்டும் இன்னும் கழித்துக்கொண்டிருந்தது; கேள்வியை மட்டும் படித்து யோசிக்கிற எதுவும் அங்கே தோற்றிருக்க வேண்டும்.

பழைய வகுப்பின் இணையப் பக்கத்தைத் தேடினேன். நானே ஏற்றிய கேள்விகளும் விடைகளும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி அப்படியே இருந்தன. மணி மூன்று இருபது.

இரண்டு முறை அழைத்தும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை, “என்னம்மா, மீட்டிங்குக்குக் கெளம்புறேன்லா.”

“கையெழுத்து போட்டுட்டியா?”

“போட்டாச்சு. ஏன்?”

சொன்னேன்.

“ஒங்களுக்கே பாடமான்னு கேட்டீங்களேமா.”

“அப்புறமா திட்டு. இப்ப புதுசா மூணு சொல்றேன், தட்டச்சு பண்ணு.”

எதையும் பார்க்காமல், சமையலறையில் நின்றபடியே சொன்னேன். முதல் கேள்விக்கு ஏஐ சரியாக எழுதியது. இரண்டாவது தவறு. மூன்றாவதும் தவறு.

“பாஸ் கஸ்டமர்கிட்ட ஓக்கேன்னு சொல்லிட்டாரு, மா.” பிறகு, “பரவால்ல. ரிப்போர்ட்ட கிழிச்சுட்டு உள்ள போறேன்.”

“தப்பு என்னோடதுன்னு சொல்லு.”

ஐந்தரைவரை தொலைபேசியைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு வந்தது: “சொல்லிட்டேன். அடுத்த வாரம் மறுபடியும் டெஸ்ட். கேள்விய வேற ஆளு தயாரிக்கணுமாம்.”

நடைமுறைப்படி அதுதான் சரி. தன் வேலை என்னாகும் என்று அவள் எதுவும் எழுதவில்லை. எனக்கும் கேட்கத் துணிவில்லை.