காலிமுகத்திடலில் சவுக்காரம்

நாளைக்கு மகள் முதல் தடவையாகக் கண்டியிலிருந்து கொழும்புக்குப் போகிறாள். பார்க்க வேண்டிய இடங்களைப் போனில் வாசித்துக்கொண்டே பையில் சிவப்புச் சவுக்காரம் ஒன்றை வைத்தாள். "மொதல்ல காலிமுகத்திடல்ப்பா."

அந்தச் சவுக்கார வாசனையில் எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

சின்ன வயதில் நாங்களும் கலஹா தேயிலைத் தோட்டத்திலிருந்து அதே காலிமுகத்திடலுக்கு, கடலோரப் புல்வெளிக்குப் போனோம். மழை விட்டிருந்தது. ஈரப் புல்லைக் கண்டதும் அம்மா எங்களை நிறுத்தி, கொழுந்து பறிக்கப் போகும்போது பூசிக்கொள்வது போலவே, எங்கள் காலெல்லாம் சவுக்காரம் தேய்த்தார். ரத்தம் குடிக்கும் அட்டை கடித்துவிடுமாம்! பட்டம் விட்டவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "அடியே, உப்புப் பட்டாலே அட்டை செத்துரும். எதிர்ல கடல் பூரா உப்புத்தான்!"

அம்மா சிரிக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலைக்குள் இறங்கினார். முழங்கால்வரை அட்டை கடித்த தழும்புகள். வெகுநேரம் கடலையே பார்த்தார்.

"நாம மலையில ரத்தத்தோட நிக்கிறோம். இம்புட்டு உப்பும் இங்க சும்மா கெடக்குதே."

மகளின் காலைப் பார்த்தேன். ஒரு தழும்பும் இல்லை.

"போனதும் கடல்ல எறங்கி நில்லும்மா," என்றேன்.